கேள்வித்தாளுக்கும் ஒரு பரிசோதனை

மக்கள் போதுமான அளவு உடலுழைப்புச் செய்கிறார்களா என்று அறிய உலக சுகாதார நிறுவனம் 16 கேள்விகள் கொண்ட கேள்வித்தாள் ஒன்றை வைத்திருக்கிறது. ‘ஜிபாக்’ என்பார்கள். இதை வேறு மொழிக்குக் கொண்டுபோக நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கவனமானவர்கள் அதை இன்னொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதுவும் போதாது. மொழிபெயர்ப்பில் பிழையே இல்லாமல் அளவு மட்டும் தவறிப்போக முடியும்.

குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து, மூச்சு நன்றாக வாங்கும்படி கடும் வேலை செய்வதுண்டா என்கிறது ஒரு கேள்வி. களை பறித்து, இடையே தண்ணீர் சுமந்து, மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு மறுபடி வயலில் இறங்கும் பெண் இதற்கு என்ன சொல்வார்? அவருடைய உழைப்பு பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக நடப்பதில்லை. கூலியில்லாத வீட்டுவேலையும் கணக்கில் சேரும் என்று எடுத்துச் சொல்லாவிட்டால், அதை அவர் விட்டுவிடவும் கூடும். இந்தக் கேள்வித்தாளின் கணக்கில் கடும் வேலைக்கு நிமிடத்துக்கு 8 புள்ளி, மிதமான வேலைக்கு 4. வாரத்துக்கு 600 வந்தால் போதுமான உழைப்பு. ஆக, வாரத்தில் 75 நிமிட வேலையைக் ‘கடும்’ என்று சொன்னால் 600 வந்துவிடும். ‘மிதம்’ என்றால் 300தான். அதனால்தான் அந்தந்த ஊர் வேலைகளின் படங்களைக் காட்டிக் கேட்க வேண்டும்; ஒவ்வொரு பதிலையும் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று சிலரிடமாவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

இந்தியா, வங்கதேசம், எத்தியோப்பியா உள்ளிட்ட 9 நாடுகளில் இந்தக் கேள்வித்தாளைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. அதே ஆட்களிடம் மறுபடி கேட்டபோது பதில்களின் ஒற்றுமை 0.67 முதல் 0.81 வரை இருந்தது. முழு ஒற்றுமை என்றால் 1. உடலில் கட்டிய அசைவுமானிகள், காலடி எண்ணும் கருவிகளோடு ஒப்பிட்டபோதோ 0.06 முதல் 0.35 வரைதான். முதல் எண்ணை மட்டும் காட்டி ‘நம்பகமானது’ என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. தவறான பதிலையும் இரண்டு முறை ஒரேபோலச் சொல்லலாம்.

கருவியையே கட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். இடுப்பில் கட்டும் அசைவுமானிக்குத் தலைச்சுமையின் பாரம் தெரியாது. சைக்கிள் மிதிப்பதையும் குறைத்தே காட்டும். நடந்தது வயலுக்கா, உடற்பயிற்சிக்கா என்றும் அது சொல்லாது. எனவே கேள்வியும் வேண்டும், கருவியும் வேண்டும். கேள்வியை ஊருக்கு ஊர் மாற்றினால் நாடுகளை ஒப்பிட முடியாதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் பதில் சொல்பவர்கள் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்ளும் கேள்வி, எழுத்தில் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒப்பீடு தந்துவிடாது. மூலத்தின் அடிப்படையும் மாறாததல்ல: 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020இன் வழிகாட்டுதல்களில் கைவிட்டது.