தாள் போனால் போதுமா, ஆள் போக வேண்டுமா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி பட்டுத்தறிக்குப் புதுக் கருவி ஒன்று செய்து காப்புரிமையும் வாங்கிவிடுகிறது. அதன் வரைபடத்தை மாகறல் பக்கம் ஒரு நெசவாளர் கையில் கொடுத்துவிட்டு வந்தால், கருவி தறியில் ஏறிவிடுமா?

ஏறாது. கோர்வைச் சேலையையே பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடும். ஊடை ஒவ்வொரு முறை போகும்போதும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆளால் முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். நூலை எவ்வளவு இழுத்தால் கோர்வை சுருங்காமல் படியும் என்பது அந்த உதவியாளின் விரலுக்கு வர வேண்டியது. அதை எழுதிக் கொடுக்க முடியாது.

பல்கலைக்கழக ஆராய்ச்சியும் ஏறக்குறைய இப்படித்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ரிச்சர்ட் ஜென்சன், மேரி தர்ஸ்பி என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள். அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே சொந்தமாக வைத்துக்கொண்டு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்க, அங்கே 1980-இல் பே-டோல் சட்டம் வழிவிட்டது. அப்படி உரிமம் போனவை எந்த நிலையில் போயின என்று 62 பல்கலைக்கழகங்களில் விசாரித்து, 2001-இல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். உடனே சந்தைக்கு அனுப்பும் நிலையில் இருந்தவை 12 சதவீதம்தான். 71 சதவீதக் கண்டுபிடிப்புகளுக்கு, கண்டுபிடித்தவரே கூட இருந்தால்தான் கரைசேர வழி. கையெழுத்தானதும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் பேராசிரியர் அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விடுவார். விற்பனையில் பங்கு என்றால் நிற்பார். அவர்கள் வாதம் அது.

இந்தியாவிலும் பே-டோல் மாதிரியில் 2008-இல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. சட்டத்துக்குக் காத்திராமல் தரமணியில் வேறொன்று நடந்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று உருவாக்கிய ஆராய்ச்சிப் பூங்கா 2010-இல் திறந்தது. அங்கே இடம் பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு ஆய்வு செய்தோ மாணவர்களுக்கு வேலை கொடுத்தோ ஆண்டுதோறும் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார வைப்பதையே விதியாக்கிவிட்டார்கள்! ஐஐடியில் எரிதல் ஆய்வு செய்யும் பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியைக் கூட வைத்துக்கொண்டு 2017-இல் தொடங்கிய அக்னிகுல் என்ற ராக்கெட் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எஞ்சின் செய்து, 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் பறக்கவிட்டது.

ஆனால் தரமணியில் பக்கத்தில் உட்காரலாம். கிராமத்தில்? இதே ஜுன்ஜுன்வாலாவின் குழு, தொலைபேசி இணைப்பின் செலவைக் குறைக்க 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கியது. அதை வைத்து 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் வந்தன. சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கருவி வேலை செய்தது, மக்களும் வந்தார்கள். பிறகு அந்தச் சேவை ஏன் நின்றுபோனது என்று ஆராய்ந்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006-இல் சொன்ன காரணங்களில் ஒன்று, நம் அலுவலகங்களை அறிந்த யாருக்கும் வியப்பளிக்காது. திட்டத்தை ஆர்வமாக நடத்திய அதிகாரிகள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் பழையபடி தாலுகா அலுவலகத்துக்கே நடக்க வேண்டியிருந்தது.