வளாகத்துக்கு ஒரு செயலி: பணம் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வரும் எமது பிள்ளைகள் சிலரிடம் இப்போது புதியதொரு தொழில் யோசனை இருக்கிறது. கடையும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம், வளாகத்து மாணவர்களுக்கென்று கையடக்கத் தொலைபேசிச் செயலி ஒன்றைச் செய்யப் போகிறோம் என்கிறார்கள். அதற்கு முதல் தேடி வாப்பாவிடமோ மாமாவிடமோ வருகிறார்கள். இறம்பொடையிலும் புசல்லாவையிலும் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கடை நடத்தும் ஒருவருக்கு மரக்கறி விலையும் தேயிலை விலையும் அத்துப்படி. ஆனால் செயலி என்றதும் ஒன்றில் பயந்து ஒதுங்கிவிடுகிறோம், அல்லது பிள்ளை சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் வியாபாரிக்கு அழகல்ல. செயலியும் ஒரு சரக்குத்தான். அது யாருக்கு வேண்டும், ஏன் வேண்டும், அவரால் வாங்க முடியுமா என்ற மூன்றையும் விசாரித்தே பணம் போட வேண்டும்.

மாணவர் ஈடுபாடு என்றால் என்ன?

இத்தகைய செயலிகளின் நோக்கம் 'மாணவர் ஈடுபாட்டை' அதிகரிப்பது என்று சொல்லப்படும். பெரிய வார்த்தையாக இருந்தாலும் விடயம் எளிது. மாணவர் விரிவுரைக்குப் போகிறாரா, அறிவித்தலைப் பார்க்கிறாரா, ஒப்படையை உரிய திகதிக்குள் கொடுக்கிறாரா, சங்கங்களில் சேர்கிறாரா, படிப்பை இடையில் விடாமல் முடிக்கிறாரா என்பதுதான் அது.

தோட்டத்து லயத்திலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ செல்லும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பதிவுக்கு எந்த ஆவணங்கள் தேவை, விடுதிக்கு எப்போது விண்ணப்பிப்பது, மஹாபொல புலமைப்பரிசிலுக்கு என்ன செய்வது என்று கேட்க அப்பிள்ளையின் வீட்டில் எவருமில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு நானாவோ தாத்தாவோ சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். திறமையில் குறைவில்லாத பிள்ளையும் ஒரு திகதி தெரியாமல் பின்தங்கிவிடலாம். இந்த இடைவெளியை நிரப்பும் செயலிக்குத்தான் உண்மையான சந்தை இருக்கிறது.

அட்லாண்டா நகரின் அனுபவம்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வசதி குறைந்த குடும்பத்து மாணவர்கள் அங்கு அதிகம். அனுமதி பெற்று வருவதாக உறுதியும் சொல்லிவிட்டு, வகுப்பு ஆரம்பிக்கும் நாளில் வராமலே போகும் மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் கவலையாக இருந்தனர். கோடை விடுமுறைக்குள் நிரப்ப வேண்டிய படிவங்களும் உதவிப்பண விண்ணப்பங்களும் அவர்களைத் திணறடித்தன.

2016ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் 'பவுன்ஸ்' என்ற பெயரில் ஒரு சேவையை ஆரம்பித்தது. மாணவர் புதிதாக எதையும் தமது தொலைபேசியில் ஏற்றத் தேவையில்லை. சாதாரண குறுஞ்செய்தியில் கேள்வி கேட்டால் கணினியே பதில் அனுப்பும். கணினிக்குத் தெரியாததை அலுவலர் பார்த்துப் பதில் சொல்வார். அந்த ஒரு கோடையில் மட்டும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் அனுப்பப்பட்டன.

ஒரு பகுதி மாணவருக்கு இச்சேவையை வழங்கியும் மற்றப் பகுதிக்கு வழங்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சேவை கிடைத்தோரில் வராமல் போகும் மாணவர் தொகை சுமார் 21 வீதம் குறைந்திருந்தது. இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. படிவத்தைக் கொடுத்து முடித்த மாணவருக்கு அதைப் பற்றிய ஞாபகமூட்டல் போகவில்லை, கொடுக்காதவருக்கு மட்டுமே போனது. கணக்குக் கொப்பியைப் பார்த்து, பாக்கி வைத்தவரிடம் மட்டும் ஞாபகப்படுத்தும் கடைக்காரரின் வேலைதான் இது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும் செயலியை மாணவர் இரண்டாம் நாளே மூடிவிடுவார்.

பேஸ்புக்கும் யிக் யாக்கும்

பேஸ்புக் ஆரம்பித்ததும் ஒரு வளாகத்துக்குள்தான். 2004 பெப்ரவரி 4ஆம் திகதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், அப்பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் முகவரி உள்ளவர்களுக்கு மட்டுமென அது திறக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அங்குள்ள இளமாணி மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் சேர்ந்துவிட்டனர். அதன் பின்னரே கொலம்பியா, ஸ்டான்போர்ட், யேல் என்று அடுத்தடுத்த வளாகங்களுக்குப் போனார்கள். பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்தது 2006 செப்டெம்பரில்தான். ஒரு தெருவில் கடையை நிலைநிறுத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போன கதை இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013இல் ஃபேர்மன் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் இருவர் 'யிக் யாக்' என்ற செயலியை வெளியிட்டனர். பெயர் சொல்லாமலே, அருகிலிருக்கும் மாணவர்கள் பார்க்கும்படி எதையும் எழுதலாம் என்பதே அதன் கவர்ச்சி. அமெரிக்க வளாகங்களில் அது காட்டுத்தீயாகப் பரவியது. முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கில் டொலர்களைக் கொட்டினர். ஆனால் பெயரில்லாத இடத்தில் வசையும் மிரட்டலும் பெருகின. பாடசாலைகளும் பெற்றோரும் எதிர்த்தனர், பாவனையாளர் விலகினர். 2017இல் அது மூடப்பட்டது. பொறியியலாளர் சிலரும் சில உரிமைகளும் சுமார் 10 இலட்சம் டொலருக்குக் கைமாறின. பின்னர் 2021இல் வேறு உரிமையாளர்களின் கீழ் அது திரும்பவும் வந்தது வேறு கதை.

கூட்டம் சேர்வது வேறு, பயன் கிடைப்பது வேறு. கடை வாசலில் கூட்டம் நின்றால் மட்டும் கல்லா நிறைந்துவிடாது என்பது எமக்குப் புதிதல்ல.

எமது நாடு கற்ற பாடம்

இலங்கையிலும் இதற்கு நல்லதோர் உதாரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கேட்டுக்கொண்டதன் பேரில், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டாக் கட்டணம் அறவிடாமல் இடம் கொடுத்தன. கிட்டத்தட்ட 90 வீதமான மாணவர்கள் இணையக் கல்வியைப் பெற முடிந்தது என்று ஆசிய அபிவிருத்தி வங்கி அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறியது. கட்டணமின்மையே இதற்கு முக்கிய காரணம்.

அதாவது, மாணவர்களை உள்ளே கொண்டுவந்தது அழகான செயலி அல்ல, ரீலோட் போடத் தேவையில்லை என்ற நிலைமைதான்.

ஆயினும் கட்டணம் இல்லாவிட்டாலும் சிக்னல் வேண்டுமே! 2021இல் ஊவாவின் பொஹிட்டியாவ எனும் குக்கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள், இணையம் கிடைக்கும் பாறையொன்றைத் தேடிக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. மலைக்கும் பள்ளத்துக்கும் இடையில் வாழும் எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது பல இடங்களில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே துண்டிக்கப்பட்டன. ஆகவே இங்குள்ள மாணவருக்கான செயலி, சிக்னல் இருக்கும்போது விடயங்களை இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாதபோதும் திறந்து படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

இதற்கு எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டுமென்றில்லை. 'மூடில்' எனும் கற்றல் முகாமை மென்பொருளை எவரும் இலவசமாகப் பாவிக்கலாம். எமது பல்கலைக்கழகங்களிலும் அது பாவனையில் உள்ளது. 2002இல் அதை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் பாடசாலையே இல்லாத இடத்தில் வளர்ந்து, வானொலி மூலம் பாடம் கேட்டவர். தூரத்துப் பிள்ளையின் கஷ்டம் தெரிந்தவர் செய்த பொருள் அது. அதன் கையடக்கத் தொலைபேசிச் செயலியில் பாடங்களை இறக்கி வைத்து இணையமின்றியும் பார்க்கலாம்.

பணம் போடுமுன்

செயலி யோசனையுடன் வரும் இளைஞரிடம் கீழ்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, வட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு? மாணவர் ஒவ்வொரு தொகுதிக்கும் இலவசமாகவே குழு வைத்திருக்கிறார்கள். உங்கள் உண்மையான போட்டியாளர் அதுதான். அக்குழுவில் நூறு செய்திகளுக்குள் புதைந்துபோகும் ஒன்றை, உரியவருக்கு உரிய நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடிந்தால் மட்டுமே பேச்சைத் தொடரலாம்.

இரண்டாவது, யார் பணம் தருவார்? மாணவரின் கையில் பணமில்லை. கட்டணம் தரக்கூடியது நிறுவனமே. அரச பல்கலைக்கழகத்தில் கேள்விப்பத்திரம் கோரல், அனுமதி என்று காலம் செல்லும். கண்டியிலோ ஹட்டனிலோ உள்ள தனியார் கல்வி நிலையத்தில் ஆரம்பிப்பது இலகு.

மூன்றாவது, முதல் வளாகம் எது? நாடு முழுவதும் என்று பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். ஒரு நிலையம், ஒரு தொகுதி மாணவர், ஒரு தவணை என்று பதில் வந்தால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

நான்காவது, எதை வைத்து வெற்றியை அளப்பீர்கள்? எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கு, கடைக்குள் எட்டிப் பார்த்தவர்களின் கணக்கு. நான்காவது வாரத்திலும் எத்தனை பேர் திறக்கிறார்கள், தாமதமாகும் ஒப்படைகள் குறைந்தனவா என்பதே விற்பனைக் கணக்கு.

ஐந்தாவது, செய்து முடித்த பின் செலவு எவ்வளவு? கூகுள் பிளே கடையில் பதிவதற்கு ஒரு முறை மட்டும் 25 டொலர், அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். இவை சிறு தொகைகள். கணினி வாடகை, பிழை திருத்தம், கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஆள் ஆகியவையே மாதாமாதம் வரும் பெரும் செலவு. கட்டடத்துக்கு மட்டும் பணம் வைத்து, சரக்குக்கு வைக்காதவரின் கடை எத்தனை நாளைக்கு?

ஆறாவது, பிள்ளைகளின் விபரங்களை எப்படிப் பாதுகாப்பீர்கள்? தொலைபேசி இலக்கம், புள்ளி, வரவு எல்லாம் அமானிதம் போன்றவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் உண்டு. தேவைக்கு மேல் விபரம் சேர்க்காதிருப்பதே பாதுகாப்பான வழி.

இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால், சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் பங்கு எவ்வளவு, நட்டம் யாருக்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டு சிறு தொகையுடன் ஆரம்பிக்கலாம். ஒரு தவணைக்குப் பின் கணக்குப் பார்த்து அடுத்த தொகையைக் கொடுக்கலாம்.

பதில் கிடைக்காவிட்டால் அந்த இளைஞரைத் திட்டி அனுப்பிவிடாதீர்கள். ஒரு வேலையைக் கொடுங்கள். இவ்வாண்டு வளாகம் செல்லும் இருபது பிள்ளைகளைத் தோட்டங்களிலும் நகரிலும் தேடிச் சந்தித்து, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் அவர்கள் தவித்த கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதற்குப் பஸ் காசு மட்டுமே செலவு. அந்தப் பட்டியல் இல்லாமல் செய்யப்படும் செயலி ஆள் வராத கடையாகவே இருக்கும். பட்டியல் கையில் இருந்தால், செயலி இன்றி வெறும் குறுஞ்செய்தியில் ஆரம்பித்தாலும் முதல் வாடிக்கையாளர்கள் அந்த இருபது பேரும்தான்.