உறைநிலையில் ரோகுவின் வம்சம்: பொரிப்பகத்துக்கு வந்து சேருமா?

புதுதில்லி: கறவை மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்காகக் கால்நடை மருந்தகங்களில் திரவ நைட்ரஜன் கலன்கள் இருப்பதைக் கிராம மக்கள் அறிவர். அதே முறையில் மீன்களின் விந்தணுவையும் பல ஆண்டுகள் பாதுகாக்க முடியும். லக்னௌவில் உள்ள தேசிய மீன் மரபு வள மையம், ரோகு, கட்லா உள்ளிட்ட மீன்களுக்கு இதற்கான வழிமுறையை உருவாக்கியுள்ளது. ஆய்வகத்தில் கிடைத்த வெற்றியை வர்த்தகக் குஞ்சு பொரிப்பகங்களுக்குக் கொண்டுசெல்வதே இனி உள்ள சவால்.

நலியும் மரபு

1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் விஞ்ஞானி ஹிராலால் சௌதுரி, பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களை இனப்பெருக்கம் செய்யவைத்தார். குஞ்சுகளுக்காக ஆறுகளை நம்பியிருந்த நிலை அதன்பின் மாறியது. ஆனால், பல பொரிப்பகங்கள் தமது குஞ்சுகளையே வளர்த்து, மீண்டும் சினைமீன்களாகப் பயன்படுத்துகின்றன. நெருங்கிய உறவுக்குள் தொடரும் இச்சேர்க்கையால் மீன்களின் வளர்ச்சி குன்றுகிறது; நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது. நஷ்டம், குஞ்சு வாங்கிக் குளத்தில் விட்ட விவசாயிக்கே.

தீர்வும் தடையும்

ஆண்மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி விந்து எடுக்கப்படுகிறது. நன்னீர் பட்டால் விந்தணுக்கள் உடனே இயங்கத் தொடங்கி, ஓரிரு நிமிடங்களில் ஓய்ந்துவிடும். எனவே, நீர் படாமல் பாதுகாப்புக் கரைசலில் கலந்து, மெல்லிய குழல்களில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் வைக்கின்றனர். மீனை அனுப்பாமலேயே அதன் மரபைத் தொலைதூரப் பொரிப்பகத்துக்கு அனுப்ப இது வழிசெய்கிறது.

எனினும், ரோகு ஒரே சமயத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடுவதால், மாட்டைப் போல ஒரு குழல் போதாது. வட்டத் தொட்டியில் மீன்கள் தாமாகவே முட்டையிடும் முறைக்குப் பழகியவர்கள், முட்டையைக் கையால் பிதுக்கி எடுத்துக் கலக்க வேண்டும். ஆகவே, விற்பனைக்கான குஞ்சுகள் அனைத்துக்கும் அல்லாமல், சினைமீன் தலைமுறையைப் புதுப்பிக்க மட்டும் இதைப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

யார் பொறுப்பு?

மத்திய அரசு 2020-இல் ரூ. 20,050 கோடியில் பிரதமரின் மீன்வளத் திட்டத்தை அறிவித்தது. ஆனால், அரசியல் சாசனப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. பொரிப்பகங்களை ஆய்வு செய்து தரச்சான்று வழங்குவது மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது. சான்று பெற்ற குஞ்சுக்குத் தனி மதிப்பு கிடைக்காதவரை, கூடுதல் செலவை ஏற்கப் பொரிப்பக உரிமையாளர்கள் தயங்குவது இயல்பே.

இன்னொன்றும் உண்டு. அளவில் பெரிதாகவும் கரு உணவு மிகுந்தும் இருக்கும் மீன் முட்டையை இதுபோல் உறையவைத்து உயிர்ப்பிக்க இயலவில்லை. தந்தையின் மரபைக் கலனில் காக்கலாம். தாய்மீனை ஆற்றில்தான் காக்க வேண்டும்.