எச்.ஐ.வி. தாமதமாகத் தெரிந்தால் முதலில் கண்ணைக் காட்டுங்கள்

கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்பார் ஒருவர். வயசாகிறது, வெள்ளெழுத்தாக இருக்கும் என்பார்கள் வீட்டில். கடையில் பவர் பார்த்துப் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்வார்; பூச்சி போகாது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு டாக்டர், வாயில் வெள்ளை படிவதற்கு இன்னொருவர், எடை இறங்குவதற்கு வேறொருவர் என்று சீட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் யாரோ ஒருவர் எச்.ஐ.வி. பரிசோதனை எழுதிக் கொடுத்த பிறகுதான் அத்தனைக்கும் காரணம் தெரியவரும். அதற்குள் ஒரு கண் பாதி போயிருக்கலாம்.

அந்தப் பார்வையைப் பறிப்பது சைட்டோமெகலோ வைரஸ். மருத்துவர்கள் சுருக்கமாக சி.எம்.வி. என்பார்கள். அது அழித்த விழித்திரை திரும்ப வளராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற நல்ல மருந்து இருக்கிறது. எதிர்ப்பு சக்தி தரும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்த நிலையில் எச்.ஐ.வி. தெரியவந்த ஒவ்வொருவருக்கும், கண்ணில் தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எச்.ஐ.வி. கூட்டு மருந்து தொடங்கும்போதே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் வைரஸ்

சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது சி.எம்.வி. எச்சில், தாய்ப்பால், சிறுநீர், பாலுறவு வழியாகப் பரவும். நம் நாட்டில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே தொற்றிவிடுகிறது. தொற்றியது தெரிவதுகூட இல்லை. பிறகு ஆயுள் முழுக்க உடம்பிலேயே அடங்கிக் கிடக்கும். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை. நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிவைப்பது அவர் மனத்தை நோகடிப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

சி.எம்.வி.யை அடக்கிவைத்திருப்பது நம் எதிர்ப்பு சக்தி. நல்ல உடல்நிலையில் ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் எச்.ஐ.வி.யின் முற்றிய நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சி.எம்.வி. பெரும்பாலும் 50க்குக் கீழே போகும்போதுதான் தலைதூக்குகிறது. சிகிச்சை இல்லாமல் அந்த அளவுக்கு இறங்கப் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட எச்.ஐ.வி. பரிசோதனையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான் என்னை வேதனைப்படுத்துகிறது.

மருந்து இருந்தும் ஏன் தாமதம்?

இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறது. 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியானதும் சிகிச்சை என்றாகிவிட்டது. இன்றைக்கு ஒருவர் சி.டி.4 முப்பதோடு வந்து நிற்கிறார் என்றால் மருந்து இல்லாததால் அல்ல. பயமும் வெட்கமும் ஒரு காரணம். ‘எனக்கெல்லாம் எப்படி வரும்’ என்ற நினைப்பு இன்னொன்று. கணவர் இறந்த காரணத்தை உறவினர்கள் மறைத்துவிட்டதால் தெரியாமலே இருந்துவிட்ட பெண்கள் உண்டு. அறுபது வயதுக்காரரிடம் எச்.ஐ.வி. பற்றிக் கேட்கக் கூச்சப்படும் மருத்துவர்களும் உண்டு. காசநோய், திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், இளவயதில் அக்கி, நிற்காத வயிற்றுப்போக்கு இவற்றில் எது வந்தாலும், எந்த வயதானாலும், எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வலிக்காது, சிவக்காது

சி.எம்.வி. விழித்திரை அழற்சியில் கண் பெரும்பாலும் சிவப்பதில்லை, வலிப்பதில்லை. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். புள்ளிகளோ நூலிழைகளோ மிதப்பது, ஓரத்தில் மின்னல் வெட்டுவது, ஒரு பக்கம் திரை போட்டதுபோல் மறைப்பது இவையே அறிகுறிகள். விழித்திரையின் ஓரத்தில் தொடங்கினால் இவைகூட இருக்காது. சிகிச்சையில்லாமல் விட்டால் வாரக்கணக்கில் பரவி நடுப்பகுதிக்கு வந்துவிடும். அரித்த இடத்தில் ஓட்டை விழுந்து விழித்திரை கழன்றுகொள்ளவும் கூடும். ஒரு கண்ணில் வந்தது மறு கண்ணுக்கும் வரலாம்.

வீட்டில் ஒன்று செய்யலாம். சுவரில் மாதக் காலண்டரை மாட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடுத் தேதியையே பாருங்கள். சுற்றியுள்ள கட்டங்களில் ஏதாவது காணாமல் போகிறதா, நெளிகிறதா? பிறகு மறு கண். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும் என்பதால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல.

உண்மையான பரிசோதனையும் எளிதுதான். கண்ணில் சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம்போல உட்காரவைப்பார்கள். பாவை விரிந்ததும், தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர் கையில் லென்ஸைப் பிடித்துக்கொண்டு ‘மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்குப் பக்கம் பாருங்க’ என்று விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். ரத்தக்குழாய்களை ஒட்டி வெண்திட்டும் ரத்தக்கசிவும் தெரிந்தால் அநேகமாக அங்கேயே முடிவு சொல்லிவிடலாம். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்டாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

காசைக் கரைக்கும் ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சி.எம்.வி.க்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் எப்போதோ தொற்றியது என்றுதான் பொருள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அப்படித்தான் வரும். அதை வைத்து நோய் என்று பயப்படவும் வேண்டாம், மருந்து தொடங்கவும் வேண்டாம்.

கண் மட்டும் அல்ல

கண்ணுக்கு அடுத்தபடியாக சி.எம்.வி. தாக்குவது வயிற்றை. பெருங்குடலில் வந்தால் வயிற்றுவலி, காய்ச்சல், சில நேரம் ரத்தத்தோடு போகும் பேதி. உணவுக்குழாயில் வந்தால் விழுங்கும்போது வலி. எண்டோஸ்கோப்பி செய்து சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அபூர்வமாக மூளையையும் தண்டுவட நரம்புகளையும் தாக்கும். கால்கள் திடீரென்று பலமிழந்து சிறுநீரும் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை

வால்கேன்சிக்ளோவிர் மாத்திரையை 2, 3 வாரங்களுக்குத் தினம் இரு வேளையும், பிறகு ஒரு வேளையும் கொடுப்பார்கள். நடுப் பார்வைக்கு ஆபத்து என்றால் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவதும் உண்டு. கேட்கப் பயமாக இருந்தாலும், மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பத்தைத் தவிர்க்க வேண்டும். வெள்ளணுக்களைக் குறைக்கும் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும்.

ஆனால் கண்ணை நீண்டநாள் காப்பது எச்.ஐ.வி. கூட்டு மருந்துதான். சி.எம்.வி. சிகிச்சை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அதையும் தொடங்கிவிடுவது வழக்கம். எதிர்ப்பு சக்தி திரும்பும்போது கண்ணுக்குள் புதிதாக அழற்சி வரலாம். ‘மருந்து எடுத்த பிறகுதான் கண் மோசமானது’ என்று நிறுத்திவிடாமல் உடனே கண் மருத்துவரிடம் போங்கள். சி.டி.4 எண்ணிக்கை 100ஐத் தாண்டி 3 முதல் 6 மாதம் நிலைத்து, கண்ணில் புண்ணும் ஆறியிருந்தால், சி.எம்.வி. மாத்திரையை மருத்துவரே நிறுத்துவார். அதன் பிறகும் 3 மாதத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

கண் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் எல்லாம் சொல்பவர்கள்கூடக் கண் மருத்துவமனையில் வாய் திறப்பதில்லை. தெரியாத மருத்துவர் விழித்திரை ஓரத்தைத் தேட மாட்டார். சி.டி.4 அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதையும், சம்மதமில்லாமல் விவரத்தை வெளியில் சொல்வதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இன்னும் பரிசோதனையே செய்யாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். எங்கே போவது என்று 1097க்குக் கட்டணமின்றிப் போன் செய்து கேட்கலாம்.