செல்போனுக்குள் ஒரு சீட்டாட்டம்

“விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்.” ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்கள் வீட்டில் அடிக்கடி சொல்வது இது. கேட்பவர்களுக்கு இது பொய்யாகப் படும். சொல்பவரோ அந்த நேரத்தில் அதை உண்மையாகவே நம்புகிறார், சிக்கல் அங்கேதான். அந்த நம்பிக்கை மூளையில் எப்படி விளைகிறது என்று பார்த்தால், திட்டுவதும் சத்தியம் வாங்குவதும் ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று அளந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது துடித்தன. ‘விளக்கு எரிந்தால் சாறு வரும்’ என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. டோபமைனை இன்பம் தரும் திரவம் என்கிறோம். ‘இதோ வரப்போகிறது’ என்று உசுப்பிவிடும் சமிக்ஞை என்பதே பொருத்தம். பரிசு எப்போது வரும் என்று தெரியாதவரை இந்த உசுப்பல் அடங்குவதில்லை.

இதைவிட விபரீதமானது நூலிழையில் தவறும் தோல்வி. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009இல் வெளியிட்ட, படங்கள் பொருந்தினால் ஜெயிக்கும் சூதாட்டம் பற்றிய ஆய்வில், ஜெயிப்பதற்கு ஒரு கட்டம் முன்னால் தவறியபோது, ஜெயிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் சில அப்போதும் இயங்கின. அப்படித் தோற்பது கசப்பாக இருந்ததாக ஆடியவர்களே சொன்னார்கள். ஆனால் தாங்களே படத்தைத் தேர்ந்தெடுத்து ஆடியபோது, அந்தத் தோல்விக்குப் பின் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசைதான் கூடியது. ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் ‘டிக்ளேர்’ செய்து ஜெயித்திருக்கலாம் என்று உட்கார்ந்திருப்பவரின் நிலைமையை இதோடு பொருத்திப் பார்க்கலாம்.

ஊரில் சீட்டாடாதவர்களா நாம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆட்டத்துக்கு நாலு பேர் சேர வேண்டும். கையில் இருக்கும் காசு தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். யாராவது பார்த்துவிட்டால் வீட்டுக்குச் செய்தி போகும். செல்போனில் இந்தத் தடை எதுவும் இல்லை. எதிராளி நொடியில் கிடைக்கிறார், யுபிஐயில் பணம் போகிறது, அது தீர்ந்தால் கடன் ஆப் காத்திருக்கிறது. ஆசைக்குக் கடிவாளம் போடுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது முழுதாக முதிர்வதில்லை. தூக்கம் கெட்டால் இன்னும் தளரும். இளைஞரின் நள்ளிரவு ஆட்டத்தில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

இதற்காக, போன் மூளையைச் சுருக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்ப வேண்டாம். அதிகம் ஆடுவோரின் ஸ்கேனில் வேறுபாடுகள் தெரிவது உண்மை. ஆட்டத்தால் வந்தவையா, முன்பே இருந்தவையா என்பதை ஒற்றை ஸ்கேன் சொல்லாது. ‘இணைய அடிமைத்தனம்’ என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி நோயும் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் கேமிங் கோளாறும் சூதாட்டக் கோளாறும் இருக்கின்றன. இரண்டாவதில் ஆன்லைன் வகை தனியாகக் குறிக்கப்பட்டுள்ளது. கட்டுப்பாடு கைநழுவுவது, மற்ற வேலைகளை ஆட்டம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு நீடித்தால் நோய் என்கிறார்கள். லீவில் பத்து நாள் ஆடும் பையனுக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

சட்டம் முட்டிமோதித்தான் வந்திருக்கிறது. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த சட்டம், ஆளுநர் திருப்பியனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்தச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. பிறகு 2025இல் மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகளை வகுத்தது: 18 வயதுக்குட்பட்டோர் ஆட முடியாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குள் நுழைய முடியாது. அந்த இரவுத் தடையைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அதை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பண ஆட்டங்களையே தடை செய்தது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கும் தண்டனை உண்டு. ஆடி ஏமாந்தவரை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் ஓய்ந்தபாடில்லை. ஜெயித்த பணத்தை எடுக்க ‘முதலில் வரி கட்டு’ என்று அவை கேட்டால் அது மோசடி. தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

கடன் வேறு விஷயம். ஆப்பில் வாங்கியது என்பதற்காக அது இல்லாமல் போகாது. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் ஆப்கள் உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. உறவினருக்கு போன் போட்டு அவமானப்படுத்தினால் ஸ்கிரீன்ஷாட்டுடன் போலீசிலும் ரிசர்வ் வங்கியிலும் புகார் கொடுக்கலாம்.

குடும்பங்கள் வழக்கமாகச் செய்வது, நகையை அடகு வைத்து மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு, ‘இனிமே தொட மாட்டேன்’ என்று சத்தியம் வாங்குவது. கடன் தீர்ந்த நிம்மதியில் கை மறுபடி ஆட்டத்துக்கே போவது சகஜம். கடனைத் தவணையாகக் கட்டுங்கள். சம்பளக் கணக்கை அவர் சம்மதத்தோடு கொஞ்ச காலம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். வங்கி ஆப்பில் யுபிஐ வரம்பைக் குறைத்து வையுங்கள். ‘இப்போதே ஆட வேண்டும்’ என்று எழும் எண்ணத்தை எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சைக்குப் பலன் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014இலேயே, இணையத்திலும் செல்போனிலும் மூழ்குவோருக்கென ‘ஷட்’ கிளினிக்கைத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. விவரங்களை ரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. உயிரை விடுகிறேன் என்ற பேச்சு வந்தால் அதை மிரட்டல் என்று ஒதுக்கக் கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆடுபவர் வர மறுத்தால் மனைவியோ அப்பாவோ அம்மாவோ அழைத்து, என்ன செய்வதென்று கேட்டுக்கொள்ளலாம்.