அடாப்டர் வாங்கும் முன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

வெளிநாடு கிளம்புகிறவர்கள் பலரும் கடைக்குப் போய், "எல்லா நாட்டுக்கும் ஆகிற மாதிரி ஒரு அடாப்டர் கொடுங்க" என்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, கொண்டுபோகும் சாமானின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியை. போன் சார்ஜரில் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். அப்படி இருந்தால் எந்த நாட்டிலும் அது ஓடும். பின் பொருந்தினால் போதும். லேப்டாப், கேமரா சார்ஜர்களும் அநேகமாக இந்த ரகம்தான். '230 வோல்ட்' என்று மட்டும் போட்டிருந்தால், போகிற நாட்டின் வோல்ட்டேஜைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடாப்டர் மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டுமே. சுவரிலிருந்து வரும் வோல்ட்டேஜ் அப்படியேதான் வரும். நமக்கு 230 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, ஜப்பானில் 100. வோல்ட்டேஜ் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். இங்கே 1000 வாட்டில் வேலை செய்யும் அயர்ன் பாக்ஸ் அமெரிக்காவில் 270 வாட் அளவுக்குத்தான் காயும்; சட்டைச் சுருக்கம் போகாது. பிள்ளைகள் வீட்டுக்கு மிக்ஸி எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே கதி, மோட்டார் இழுக்காது. கூடவே வோல்ட்டேஜை ஏற்றும் டிரான்ஸ்பார்மர் வாங்கலாம்தான், ஆனால் கனம் அதிகம். இதற்கென்றே 110 வோல்ட் மிக்ஸிகள் இங்கே விற்கின்றன. அதை வாங்கிப் போவதே புத்திசாலித்தனம்.

வோல்ட்டேஜுக்கு அடுத்ததுதான் பின். சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி: மூன்று தட்டையான, தடித்த பின். இந்த சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளும் உள்ளே மூடியிருக்கும். மேலே உள்ள நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் திறக்கும். நம்மவர்கள் பேனா மூடியையோ குச்சியையோ மேல் துளையில் குத்தி, டூ பின் சார்ஜரைச் சொருகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். குழந்தைகள் விரலோ கம்பியோ விட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த மூடியே இருக்கிறது. இன்னொன்று, அந்த ஊர் பிளக்குக்குள்ளேயே ஒரு பியூஸ் உண்டு. நேராகச் சொருகினால் அந்தக் காவலும் போய்விடுகிறது. முறையான அடாப்டரின் விலை பெரிய தொகை இல்லை.

ஐரோப்பாவுக்கு, போனுக்கு வரும் மெல்லிய டூ பின் சார்ஜர் போதும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து எங்கும் நேராகவே நுழையும். நம் லேப்டாப்பின் உருண்டையான த்ரீ பின்னுக்கு அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரும் ஒல்லியாக இருப்பது நல்லது, சுவிஸ் சாக்கெட் சுவருக்குள் குழிந்திருக்கும் என்பதால் தடித்த வட்ட அடாப்டர் அதில் இறங்காது. ஜப்பானில் பெரும்பாலும் இரண்டு தட்டைத் துளை மட்டும்தான். அமெரிக்காவுக்கென்று வாங்கிய மூன்று பின் அடாப்டர் அங்கே நிற்காது.

கடையில் யுனிவர்சல் அடாப்டரைக் கையில் எடுத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் த்ரீ பின் பிளக்கை அங்கேயே சொருகிப் பாருங்கள். சிலவற்றில் நம் பின் நுழையாது. நுழைந்தாலும் எர்த் பின் சும்மா ஓட்டையில் உட்கார்ந்திருக்கும், இணைப்பு இருக்காது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொடும்போது விரலில் சுருக்கென்று இருந்தால், எர்த் இல்லாததுதான் அநேகமாகக் காரணம். அடுத்தது ஆம்பியர். 2000 வாட் கெட்டிலுக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் வேண்டும். 6 ஆம்பியர் அடாப்டரில் அதைப் போட்டால் பிளாஸ்டிக் உருகும். சூடேற்றும் எதையும் சின்ன அடாப்டரில் போடாதீர்கள்.

குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கொரு அடாப்டர் தேவையில்லை. நல்ல அடாப்டர் ஒன்றும், வீட்டிலிருந்து ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துக்கொண்டால் நான்கு போன் சார்ஜர்களை நம் பின்னிலேயே சொருகலாம்.

திரும்பும்போதும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் ஹேர் டிரையரை அடாப்டர் போட்டு இங்கே சொருகினால், அது தாங்குவதைப் போல நான்கு மடங்கு சக்தியை இழுக்கும். சில நொடிகளில் புகைந்துவிடும். அங்கே பில் போடும் முன்பே அதன் முதுகையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.