கொல்கத்தாவில் கரன்ட் 'தனியார்'. சண்டிகரிலும் இப்போ அப்படித்தான். உங்க பில்லுக்கு என்ன ஆகும்?

லேக் மார்க்கெட் பக்கம் வீடு, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை. கொல்கத்தாவில் நீங்கள் இப்படி இருந்தால், தினமும் இரண்டு மின் நிறுவனங்களுக்கு நடுவில் போய்வருகிறீர்கள். வீட்டுக்கு கரன்ட் தருவது சிஇஎஸ்சி என்ற தனியார் நிறுவனம். ஆபீசுக்குத் தருவது மாநில அரசின் நிறுவனம்.

சிஇஎஸ்சி 1897-ல் லண்டனில் பதிவான கம்பெனி. மெட்ராஸிலும் அப்படி ஒரு தனியார் கம்பெனி இருந்தது. அதை 1947-ல் அரசே எடுத்துக்கொண்டது. கொல்கத்தாவில் அது நடக்கவில்லை, 34 வருட இடதுசாரி ஆட்சியிலும்கூட. 1989-ல் கோயங்கா குழுமம் உள்ளே வந்தது.

அப்போ தனியார்னா இஷ்டத்துக்கு விலை ஏத்துவாங்களா? முடியாது. அரசு நிறுவனமோ தனியாரோ, கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். லாப விகிதத்தையும் அதுவே சொல்லும். ஆனால் ஒன்று: பிடிக்கவில்லை என்றால் சிம் மாற்றுவதுபோல நீங்கள் வேறு கம்பெனிக்கு மாற முடியாது. தெருவில் ஒரே வயர்தான்.

இதன் அர்த்தம் 2020-ல் புரிந்தது. மே 16-ம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியார்மயமாகும் என்று அறிவித்தார். நான்கே நாளில் அம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அது தனியார் கம்பெனி என்று மாநில அரசு கைகாட்டியது. மரங்கள் விழுந்துகிடக்கின்றன, ஊரடங்கால் ஆள் இல்லை என்றது சிஇஎஸ்சி. (அரசு நிறுவனத்தின் பகுதிகளும் இருட்டில்தான் இருந்தன.) ஜூலையில் எகிறிய பில்கள் வந்தபோது மறுபடி கொந்தளிப்பு. ஏப்ரல், மே பாக்கியை இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்று கம்பெனி இறங்கிவந்தது.

அந்த மே 16 அறிவிப்பின் தொடர்ச்சிதான் சண்டிகர். அங்கே அரசு மின் துறையை முழுசாக வாங்கியது யார் தெரியுமா? இதே சிஇஎஸ்சி குழுமம்தான். அடிப்படை விலை சுமார் 174 கோடி ரூபாய். கொடுத்தது 871 கோடி. லாபத்தில் ஓடும் துறையை ஏன் விற்கிறீர்கள் என்று ஊழியர்கள் 2022 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தின் சில பகுதிகளில் 36 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. வழக்குகள் முடிந்து, 2025 பிப்ரவரி 1-ல் கை மாறியது.

நல்லதே நடக்காதா? டெல்லியைப் பாருங்கள். 2002-ல் தனியாரிடம் போனபோது, வாங்கிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் திருட்டிலும் கசிவிலும் வசூலாகாத பில்லிலும் போனது. இன்று அந்த இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே. இது பெரிய சாதனை, மறுக்க முடியாது.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மக்கள் கோபத்துக்குப் பயந்து கட்டணத்தை ஏற்றாமல் விட்டால், ஆணையம் ஒப்புக்கொண்ட செலவு அப்படியே பாக்கியாக நிற்கும். 'பிறகு வசூலிக்கலாம்' என்று எழுதிவைப்பார்கள். அதற்கு வட்டியும் உண்டு. டெல்லியின் மூன்று தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்து இந்தப் பாக்கி 2024 மார்ச்சில் சுமார் 27,200 கோடி ரூபாய். அதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-ல் நீங்கள் எரித்த பல்புக்கு, இனி டெல்லிக்குக் குடிவருபவர் காசு கட்டலாம்! இது அரசு நிறுவனங்களிலும் நடக்கும். தமிழ்நாட்டிலும் இதேபோலப் பாக்கி குவிந்திருக்கிறது.

ஒடிசா கதை வேறு. 1999-ல் முதலில் தனியார்மயமாக்கிய மாநிலம் அது. வாங்கியவர்களில் ஒருவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். இன்னொருவரின் உரிமத்தை 2015-ல் ஆணையமே ரத்து செய்தது. இப்போது டாடா பவர் நடத்துகிறது.

எனவே உங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால், விற்பனை விலையைவிட ஆணையத்தைக் கவனியுங்கள். கட்டண மனு வரும்போது பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டம் சொல்கிறது. நீங்களும் எழுதலாம். அந்த நோட்டீஸ் நாளிதழில் பொடி எழுத்தில் வரும்.